அரையாண்டுச் செய்திகளும் ஒன்பதாம் வகுப்பின் கணினி வேலையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. மழைக்கு விட்ட நாட்கள் போக மீதி நாட்களில் பாடங்களை ஓரளவு முடித்திருக்கிறோம். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். கலைத்திருவிழாவில் கலந்துகொண்ட அனைவருக்கும் பாராட்டு. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு வழக்கம்போல் நடக்கிறது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு இந்த வாரமே கொடுத்தனுப்புங்கள்.

இனி ஒன்பதாம் வகுப்பின் கணினிச் செயல்திட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'நம் கடற்கரை' என்ற தலைப்பில் பாம்பன் பாலம், தனுஷ்கோடி, மன்னார் வளைகுடாத் தீவுகள், நம் மீன்கள் என்று நான்கு வலைப்பக்கங்களும் ஒரு முகப்பும் எழுதி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து வரச் சொல்லியிருந்தோம். இதற்கு நோட்பேட் போதும், இணைய வசதிகூடத் தேவையில்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், போக வேண்டிய கோப்பின் பெயரை மட்டும் இணைப்பில் எழுதினால் போதும். இணைப்புக் குறியில் வரும் 'ஏ' என்ற எழுத்து 'ஆங்கர்', அதாவது நங்கூரம் என்ற சொல்லின் முதலெழுத்து. ஆசிரியை இதைச் சொன்னபோது கடைசி வரிசை கூட நிமிர்ந்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

கண்காட்சியன்று காலை எல்லாருடைய வேலையையும் பென் டிரைவிலிருந்து பள்ளிக் கணினியில் ஏற்றினோம். ஒன்பது பேருடைய முகப்பு வண்ண வண்ணமாகத் திறந்தது. ஆனால் எதை அழுத்தினாலும் அடுத்த பக்கம் வரவில்லை. நோட்பேடில் திறந்து பார்த்தால் ஒன்பதிலும் இணைப்பு ஒரே இடத்தைத்தான் காட்டியது: சி டிரைவ், அதற்குள் ஒரு கடையின் பெயர், அதற்குள் டெஸ்க்டாப். அந்தக் கடையின் கணினியைத் தவிர வேறெங்கும் செல்லாத முகவரி. ஒரு பிள்ளையின் தனுஷ்கோடிப் பக்கத்தைத் திறந்தபோது திரையின் மேல் விளிம்பில் 'காதணி விழா அழைப்பிதழ்' என்று வந்தது. கடையை நான் குறை சொல்லவில்லை. கேட்டதைச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில்.

உங்கள் நிலைமையும் எங்களுக்குத் தெரியாததல்ல. விடியுமுன் படகுக்கும் பாசி எடுக்கவும் போகிற வீடுகள் இங்கே பாதி. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை வந்து 'நாளைக்கே வேண்டும்' என்று நின்றால், கையில் இருப்பதைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பத்தான் தோன்றும். எங்கள் மீதும் தவறு உண்டு. ஒழுகிய கூரையால் ஆய்வகம் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. அப்படியிருந்தும் கடைசி நாளைத் தள்ளிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் கடையில் செய்த பக்கங்களில் எல்லா இணைப்பும் 'இங்கே கிளிக் செய்யவும்' என்றே இருந்தன. ஒரு மாணவி தானே எழுதிய பாலத்தின் பக்கத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறவள், 'புயல்' என்ற ஒரு சொல்லை மட்டும் இணைப்பாக்கியிருந்தாள். அதை அழுத்தினால் தனுஷ்கோடிப் பக்கம் திறக்கிறது. 1964 டிசம்பரில் பாலத்தைச் சிதைத்ததும் தனுஷ்கோடியை அழித்ததும் ஒரே புயல் அல்லவா? இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்தச் சொல்லிலிருந்து எங்கே போக வேண்டும் என்று அவளே யோசித்திருக்கிறாள். நாங்கள் கேட்டதும் அதைத்தான்.

அவளும் ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தாள். இணைப்பு ஒருவழிப் பாதை. திரும்பி வர, போய்ச் சேரும் பக்கத்தில் தனியாக ஒன்று வைக்க வேண்டும். பார்வையாளர் ஒருவர் தனுஷ்கோடியிலேயே மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள், வழி பிறந்தது. இன்னொரு மாணவன், இணைப்பு எங்கே முடிகிறது என்று காட்டும் மூடும் குறியை விட்டுவிட்டதால், குருசடைக்குப் பிறகு வந்த தீவுகள் அத்தனையும் நீல நிறத்தில் அடிக்கோட்டோடு நின்றன. வேறொருவனுடைய பக்கம் வீட்டில் திறந்தது, பள்ளியில் திறக்கவில்லை. இணைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து, கோப்பின் பெயரில் சிறிய எழுத்து. வீட்டிலுள்ள விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, பள்ளியிலுள்ள லினக்ஸ் விடாது. இவர்கள் யாருக்கும் நாங்கள் மதிப்பெண் குறைக்கவில்லை.

எனவே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய வேலைக்கு இந்தப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது. இன்னொருவர் செய்ததில் பிள்ளையின் பெயரைப் போட்டுக் கொடுத்தனுப்புவது, பிள்ளைக்கு நாமே பொய் சொல்லப் பழக்குவது. மறுபடியும் இப்படி வந்தால் பெற்றோரை நேரில் வரச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும்.

அந்த ஒன்பது பேரும் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு மீண்டும் செய்து தரலாம். பெயர்கள் வகுப்பில்கூட வாசிக்கப்படவில்லை, இனியும் வாசிக்கப்பட மாட்டா. செவ்வாய், வியாழன் மாலை 4.15 முதல் 5.30 வரை ஆய்வகம் திறந்திருக்கும், ஆசிரியையும் இருப்பார். பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் மதிய இடைவேளையில் வரட்டும். செலவு எதுவும் வேண்டாம்.

நீங்கள் உதவ விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தச் சொல்லை அழுத்தினால் எங்கே போகும், ஏன் அங்கே போக வேண்டும்?' என்று கேளுங்கள். அதற்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்காட்சிக்கு வந்த ஒரு தாத்தா மீன்கள் பக்கத்தைப் பார்த்து, "சூடை என்று எழுதிவிட்டுச் சாளையைக் காட்டுகிறீர்களே" என்றார். நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சரிபார்த்த பக்கம் அது.

அவருக்கும், வேலை நாளில் நேரம் ஒதுக்கி வந்த உங்கள் எல்லாருக்கும், கேட்காமலே நாற்காலிகள் கொண்டுவந்து போட்ட பெற்றோருக்கும் பள்ளியின் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்தக் காதணி விழா யார் வீட்டுடையது என்று கடைசிவரை தெரியவில்லை. இந்தக் கடிதம் அவர்கள் கைக்கும் வந்தால், குழந்தைக்கு எங்கள் வாழ்த்துகள்.