பனிக்கு அடியில மைன்ஸ்

விஜி,

நைனாவுக்கு இருமல் எப்படி இருக்கு? உன் மெசேஜுக்கு ரெண்டு வாரமா பதில் போடல, கோவிச்சுக்காத, லீவுக்கு பார்க் சிட்டி போயிருந்தோம், யூட்டாவுல. பசங்க ஸ்கீயிங் ஸ்கீயிங்னு மூணு வருஷமா கேட்டுட்டே இருந்தாங்க. ஊரே ஏழாயிரம் அடி உயரத்துல இருக்கு, முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு. பசங்களோட நானும் கிளாஸ்ல சேர்ந்துட்டேன், மூணாவது நாள் ஒரு சின்ன சரிவுல மேல இருந்து கீழ வரைக்கும் விழாம வந்தேன்டி, கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

ஆனா உனக்கு எழுதணும்னு உட்கார்ந்தது வேற விஷயத்துக்கு. இதுவும் நம்ம கேஜிஎஃப், கோலார் தங்கவயல் மாதிரி மைன்ஸ் ஊருடி, நமக்கு தங்கம், இவங்களுக்கு வெள்ளி. ஸ்கீ லிஃப்ட்ல உட்கார்ந்து மலை மேல போறப்ப கீழ பனிக்கு நடுவுல தகரமெல்லாம் துருப்பிடிச்சு சுரங்கத்துக்குள்ள இறங்குற பழைய ஷாஃப்ட் கட்டடம் நிக்குது, பார்த்ததும் எனக்கு நம்ம சாம்பியன் ரீஃப் மைன்தான் ஞாபகம். மெயின் ஸ்ட்ரீட்ல ஒரு மியூசியம் இருக்கு, பசங்க கடைக்குப் போகலாம்னு இழுக்க இழுக்க நான் ரெண்டு மணி நேரம் அங்கேயே நின்னுட்டேன். 1902ல டேலி வெஸ்ட் மைன்ல அடியில வச்சிருந்த வெடிமருந்து வெடிச்சு 34 பேர் செத்துருக்காங்க, அதைப் படிச்சப்ப, மைனுக்குள்ள பாறை வெடிச்சு ராக் பர்ஸ்ட் வந்து வீட்ல பாத்திரம் ஆடினதும் உங்கம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவாங்களே, அது ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் வெள்ளிக்கு விலை இல்லாம போக, மைன்ஸ் கம்பெனியே கவர்ன்மென்ட் கடன் வாங்கி 1963ல மலை மேல ஸ்கீ ரிசார்ட் ஆரம்பிச்சிருக்கு. கேளு, கொஞ்ச வருஷம் ஸ்கீ பண்ண வர்றவங்களையும் சுரங்க ரயில்லயே ஏத்தி, இருட்டுல, தண்ணி சொட்ட சொட்ட மலைக்குள்ள மூணு மைல் கிட்ட கூட்டிட்டுப் போய், அங்கிருந்து கேஜ்ல, அதான் ஆளை ஏத்தி இறக்குற கூண்டுல, 1750 அடி தூக்கி மேல பனியில விட்டிருக்காங்க! அந்த ரயில் பெட்டியை மியூசியத்துல வச்சிருக்காங்க. தொட்டுப் பார்த்தேன். நைனா இறங்கின கேஜ் இப்படித்தான் இருந்திருக்குமா?

இங்க அந்தக் கம்பெனி ஊருக்கு அடுத்த வேலையையும் யோசிச்சிருக்கு விஜி. நமக்கு 2001 பிப்ரவரியில பூட்டு போட்டாங்க, அவ்வளவுதான், இன்னைக்கும் உன் தம்பி விடியக்காலையில மாரிக்குப்பத்துல ட்ரெயின் பிடிச்சு பெங்களூர் ஓடுறான். எனக்கு அது ஆறவே மாட்டேங்குது.

ஒண்ணு பண்ணு. நைனா நல்லா பேசுற நாளாப் பார்த்து, கேஜ்ல இறங்கினது, அடியில இருந்த சூடு, கூட வேலை செஞ்சவங்க பேரு, எல்லாத்தையும் கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி வை. அவர் இருமினா நிறுத்திடு, மறுநாள் கேளு. ஏப்ரல்ல நான் வர்றேன், மிச்சத்தை நான் உட்கார்ந்து கேட்டுக்கறேன்.

உன்
மேரி