விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான், அம்மிணி

அம்மிணி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ எல்லாம் பார்த்தேன். வண்டி அழகுதான், அதில் மறுபேச்சு இல்லை. 2007 மாடல் போர்ஷே 911 கரேரா எஸ், வெள்ளி நிறம், டெல்லி பதிவு, ஓட்டமும் கம்மி. போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை, பயப்படாதே. சம்பாதிக்கிறாய், ஆசைப்படுகிறாய், வாங்கு. ஆனால் கணக்கைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறாய், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

புது 911 இன்றைக்கு ஷோரூமில் 2 கோடி பக்கம், இது அதில் கால்வாசிக்குக் கிடைக்கிறது, அதனால் லாபம் என்று எழுதியிருந்தாய். கண்ணு, கல்யாணமாகி வந்த நாளில் இருந்து நம் கார் பட்டறையில் பில் புக் என் கையில்தான் இருக்கிறது. அதில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும், ஸ்பேர் விலை ஏறிக்கொண்டேதான் போகும். கால்வாசி விலைக்கு வாங்கினாய் என்பதற்காக எந்தக் கடைக்காரனும் பிரேக் டிஸ்க்கைக் கால்வாசி விலைக்குத் தரமாட்டான். நீ வாங்கப் போவது கால்வாசி விலையில் ஒரு 2 கோடி வண்டியை, அவ்வளவுதான். அதன் தீனியும் வைத்தியமும் 2 கோடி வண்டிக்கு உரியதுதான்.

உங்கய்யன் போட்டோவைப் பெரிதாக்கி முதலில் பார்த்தது டயரை. நீ வண்டியின் முகத்தைப் பார்த்திருப்பாய், அவர் டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடினார். 1417 என்று இருந்தது. 2017-ஆம் வருஷம் 14-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஓடவே இல்லையே, எப்படித் தேயும்? "ரப்பரு கல்லாட்டம் ஆயிருக்கும், நாலையும் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் ஓட்டோணும்னு சொல்லு" என்றார். முன்னால் 235/35, பின்னால் 295/30, எல்லாம் 19 இஞ்ச். பின் டயர் ஒன்றே பல ஆயிரம் ரூபாய் ஆகும், நம் ஊர் டயர் கடையில் அந்த சைஸ் ஸ்டாக்கும் இருக்காது, சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். இன்ஜின் பின்னால் இருப்பதால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். கிலோமீட்டர் கம்மி என்பதை டீலர் பெருமையாகச் சொல்வான், உங்கய்யனோ அதைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார். நின்ற வண்டியில் சீல் காயும், பேட்டரி சாகும், பெட்ரோல் கெட்டுப்போகும், டிஸ்க் துருப்பிடிக்கும்.

இப்போது இன்ஜினுக்கு வருகிறேன், இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1990-களின் கடைசியில் இருந்து 2008 வரை வந்த சாதாரண 911 இன்ஜின்களில் நடுவே ஒரு தண்டு ஓடுகிறது. இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்பார்கள். கிராங்கில் இருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் ஒரு முனையில் சீல் வைத்த பால் பேரிங் இருக்கிறது. சீல் கெட்டால் உள்ளே இருக்கும் கிரீஸை ஆயில் கழுவிவிடும், பேரிங் தேயும், ஒரு நாள் உடையும். உடைந்தால் டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும், அப்புறம் இன்ஜினே காலி. 2005 வாக்கில் வரை வந்த வண்டிகளில் கிளட்ச் கழற்றும்போதே அந்தப் பேரிங்கை மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு பெரிய பேரிங் போட்டார்கள், அது உடைவது குறைவு, ஆனால் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். நீ பார்க்கிற 2007 இந்த இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும். உடைந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. உடைந்தால் தாங்க முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

அதைவிட எனக்குக் கவலை சிலிண்டர் சுவரில் விழும் கீறல். இந்த 3.8 லிட்டர் இன்ஜினுக்கு இருக்கிற பெயர்போன வியாதி அது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம், ஆயில் குறைந்துகொண்டே வருவது, ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் மற்றதைவிடக் கரி பிடித்துக் கிடப்பது, இதெல்லாம் அடையாளம். கோயம்புத்தூரில் லேத்துக்கும் போரிங் மெஷினுக்கும் என்ன பஞ்சம் என்று நினைக்காதே. அம்பாசிடருக்கும் மாருதிக்கும் செய்தது போல போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்குகிற வேலை இல்லை இது. சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவர், அதற்கென்று தனி முறை இருக்கிறது, அதைச் செய்து பழகிய கை வேண்டும், அந்தக் கை எங்கே இருக்கிறதோ அங்கே இன்ஜினை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்கலாம். உங்கய்யன் பட்டறையில் இதைச் செய்வதை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பிளேடால் காகிதத்தை அறுத்து, ஆயிலைப் பிழிந்து எடுத்து, வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடிப்பார். மினுக்கினால் காந்தத்தை மேலே ஓட்டுவார். ஒட்டினால் இரும்பு, பேரிங்கோ செயினோ தேய்கிறது, ஒட்டாமல் மினுக்கினால் அலுமினியம். கறுப்பாகப் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தாலும் சும்மா விடக்கூடாது, செயின் ஓடுகிற பட்டையோ அந்தப் பேரிங் சீலோ உதிர்கிறது என்று பொருள். டீலர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில், கிளம்பி வந்துவிடு.

இன்னொன்று, இன்ஜின் கம்ப்யூட்டரில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு இருக்கும். அதை எடுத்துத் தரச் சொல். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பார். 28,000 கிலோமீட்டர், 2,000 மணி நேரம் என்று வந்தால் சராசரி 14 கிலோமீட்டர் வேகம். டெல்லி டிராஃபிக் மோசம்தான், அதற்காக ஒரு 911 வாழ்நாள் பூராவும் 14-இலா ஊர்ந்திருக்கும்? மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. கியரைத் தப்பாக இறக்கி இன்ஜினை அளவுக்கு மேல் கத்தவிட்டிருந்தால் அதுவும் அதே இடத்தில் பதிவாகியிருக்கும்.

பிரேக்கில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபரின் நிறத்தைப் பார். எஸ் மாடலுக்குச் சிவப்பு, இரும்பு டிஸ்க். மஞ்சள் என்றால் செராமிக் டிஸ்க், ஒரு டிஸ்க்கின் விலையே லட்சங்களில் நிற்கும், மஞ்சள் காலிபரைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. ஆயில் ஒரு முறைக்கு 8 லிட்டர் பக்கம் குடிக்கும், அதுவும் முழு சிந்தெடிக். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். இந்த ஆயில் செலவெல்லாம் சில்லறை, தாங்கிக்கொள்ளலாம்.

பேப்பர் செலவை நீ எழுதவே இல்லை. டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருந்த கெடுபிடியால்தான் அங்கே இவ்வளவு மலிவு, உன் மேல் பிரியப்பட்டு யாரும் குறைத்துத் தரவில்லை. ஆர்சி உயிரோடு இருக்கிறதா, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று கிடைக்குமா என்று முதலில் பார். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அதோடு வரி தனி. 15 வருஷம் தாண்டிய இறக்குமதி காருக்கு ஆர்சி புதுப்பிக்க மட்டும் 40,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினால் 80,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். உன் வண்டிக்கு அந்த 20 வந்துகொண்டே இருக்கிறது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பாய். பட்டறையில் எத்தனை கிளைம் ஃபாரம் நிரப்பியிருக்கிறேன் தெரியுமா? இவ்வளவு பழைய வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் சாமான் விலையைத் தருகிற பாலிசி, கிடைப்பது கஷ்டம். அது இல்லாமல் பத்து வருஷம் தாண்டிய வண்டி இடிபட்டால் இரும்புச் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கும் பாதிதான். மீதிப் பாதி உன் பாக்கெட்டில் இருந்து போகும். தேய்ந்து உடைகிற பேரிங்குக்கு ஒரு பைசாவும் வராது.

அப்புறம், வாரநாளில் வண்டியை நம் தோட்டத்துக் கொட்டகையில் விட்டுக்கொள்கிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் ஆகவே ஆகாது. தேங்காய் மட்டை கிடக்கிற இடம், எலியும் அணிலும் குடியிருக்கிற இடம். ஒரு வயரிங்கைக் கடித்தால் போதும், எங்கே கடித்தது என்று தேடுகிற லேபரே சாமான் விலையைத் தாண்டும். பொள்ளாச்சி ரோட்டில் இருந்து தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் இருக்கிற வேகத்தடைகளை மறந்துவிட்டாயா? இந்த வண்டிக்கு ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் தரையை ஒட்டிய முன் பம்பரின் இரண்டு மூலையில் இருக்கின்றன. காற்று போகிற வாயில் சருகு போய் அடைந்து, மழையில் ஊறி, கண்டென்சரை அரித்துவிடும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து பழக வேண்டும். பெட்ரோலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. 2007 வண்டியின் ஹோஸும் சீலும் அதற்காகச் செய்தவை அல்ல, அதிலும் வாரக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீர் இழுக்கும்.

திருப்பூரில் இருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் மகன் இப்படித்தான் ஒரு பழைய ஜெர்மன் வண்டியை வாங்கி வந்து நம் பட்டறையில் விட்டார். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, உனக்கே தெரியும். சஸ்பென்ஷன் சாமான் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும் என்று லிஃப்டில் ஏற்றியது அப்படியே நின்றது. அந்த லிஃப்டில் வேறு வேலை பார்க்க முடியாமல் எங்களுக்கு நஷ்டம், அவருக்கு மாதா மாதம் இஎம்ஐ. அந்தப் பையன் பணக்காரன், அவனே கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

உன் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் உங்கய்யன் தோளில் உட்கார்ந்து ரேஸ் பார்த்தவள் நீ. கரிவரதன், நரேன் கார்த்திகேயன் என்று பேசாத வீடு இந்த ஊரில் உண்டா? வாங்கினால் ஒரு தடவையாவது அந்த டிராக்கில் ஓட்டுவாய், ஓட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் எதற்கு அந்த வண்டி? ஒரு நாள் ஓட்டினாலும் பிரேக் பேடும் பின் டயரும் எவ்வளவு போகும் என்பதைச் சேர்த்து எழுதிக்கொள்.

என் யோசனை இது. நீ முதலில் காட்டிய 2010 மாடல், பெங்களூரு பதிவு, விலை அதிகம் என்று ஒதுக்கினாயே, அதைத் திரும்பப் பார். 2009 மாடலில் இருந்து வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டும் இல்லை, பேரிங்கும் இல்லை. நீ பெங்களூரிலேயே இருப்பதால் மறுபதிவு அலைச்சலும் இல்லை. சர்வீஸ் பில் முதல் நாளில் இருந்து இருக்கிறது என்றாய், அந்த ஃபைலுக்காகவே நான் கூடக் கொடுப்பேன். அதிலும் ஒரு கவலை உண்டு, பிடிகே என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அது கெட்டால் பிரித்துச் சின்னச் சாமான் மாற்ற வழியில்லாமல் கம்பெனி ரொம்ப நாள் முழு கியர்பாக்ஸாகத்தான் மாற்றிக்கொண்டிருந்தது, அதனால் கியர் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடு. எதை வாங்கினாலும் விலையில் மூன்றில் ஒரு பங்குப் பணம் ரிப்பேருக்கென்று தனியாக பேங்கில் கிடக்க வேண்டும், கல்யாணத்துக்குச் சேர்த்தது, பிஎஃப் எல்லாம் அதில் சேராது. அவ்வளவு ஒதுக்க முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு வருஷம் பொறு. லோன் போட்டு மட்டும் வாங்காதே.

ஞாயிற்றுக்கிழமை உங்கய்யன் பெங்களூருக்கு வரத் தயார், காந்தத்தை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும், நாங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று அந்த 2010 வண்டிக்காரரிடம் சொல்லி வை. டெல்லிக்காரனுக்கு அட்வான்ஸ் ஏதாவது அனுப்பிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் இன்றைக்கே மெசேஜ் போடு.

அம்மா