மலையேற்றக் குழு நடத்துகிறவர்களே, புதிதாக வருகிறவரை முதலில் கவனியுங்கள்

கோவை, சென்னை, மதுரை, சேலம் என்று ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து, வாரக்கடைசியில் மலைக்குக் கூட்டிப்போகும் எல்லாக் குழுக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலர் லாபம் எதுவும் பார்க்காமல்தான் இதைச் செய்கிறீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஆபீஸ் வேலை, அதற்கு நடுவிலேயே வேன் பேசுவது, அனுமதிக்கு அலைவது, சாப்பாட்டுக்குச் சொல்வது, கடைசி நேரத்தில் "சாரி ப்ரோ, வரல" என்று சொல்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது. இத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். ஒரு குழுவில் வரிசையின் கடைசி ஆளாக, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நடந்து வரும் வேலையை விரும்பிச் செய்கிறேன். கடைசியில் நடக்கும்போது முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாத நிறைய விஷயம் தெரியும். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், உரிமையோடு.

கேட்பது ஒன்றுதான். குழுவில் யார் புதுசோ அவரை மனதில் வைத்து நடையைத் திட்டமிடுங்கள்.

அறிவிப்பில் இருந்தே ஆரம்பிக்கலாம். "12 கிலோமீட்டர், ஈஸி டு மாடரேட், பிகினர்ஸ் வரலாம்" என்று போடுகிறீர்கள். கோவை ரேஸ் கோர்ஸில் காலை நடை போகிறவர் அதைப் பார்த்துவிட்டு, இது நம்ம ஐந்து சுற்றுதானே என்று பெயர் கொடுத்துவிடுவார். அந்த 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் உலகம் முழுக்க அதை வைத்துத்தான் உத்தேசமாக நேரம் போடுகிறார்கள்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம்ம 12 கிலோமீட்டருக்கு இதன்படி கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். அதுவும் குளிர்ந்த தேசத்தில், பழகின கால்களுக்கு, எங்கேயும் உட்காராமல் நடந்தால். நம்ம ஊர் வெயிலில் முதல் தடவை ஏறுகிறவருக்கு இதைப்போல இரண்டு மடங்கு வைத்தாலும் தப்பில்லை. ஆகவே தூரத்தோடு ஏற்றத்தையும் போடுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்ப அடிவாரத்துக்கு வருவோம் என்றும் போடுங்கள், நடுவில் தண்ணீர் கிடைக்குமா கிடைக்காதா என்பதையும் போடுங்கள். அப்படிப் போட்டால் ஆள் குறைவார்கள் என்று பயப்பட வேண்டாம். குறைகிறவர்கள் அடுத்த மாதம் சின்ன நடைக்கு வருவார்கள், வந்து நிலைப்பார்கள்.

அப்புறம் இந்த ஓய்வு விஷயம். இதை நீங்கள் முன்னால் இருப்பதால் பார்த்திருக்க மாட்டீர்கள். வேகமாக நடக்கிற ஏழெட்டுப் பேர் ஒரு பாறையில் போய் உட்கார்கிறார்கள், பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் சாப்பிடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்துக் கடைசிப் பெண் மூச்சு வாங்க வந்து சேருகிறார். அவர் பையைக் கழற்ற ஒரு தோளில் இருந்து வாரை இறக்கும்போதே முன்னால் இருந்து குரல் வருகிறது, "எல்லாரும் வந்தாச்சா, சரி, கிளம்பலாம்." எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். அவரும் இறக்கின வாரைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், சிரித்த முகத்தோடு நடக்கிறார். ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. அன்றைய நடையில் இது நான்கைந்து தடவை நடக்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கி, கால் பிசகி, அவர் மறுபடி எந்த அழைப்புக்கும் பதில் போடாமல் போய்விடுவார். நாமும் "அவங்களுக்கு ஸ்டாமினா இல்ல" என்று பேசிக்கொள்கிறோம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கடைசி ஆள் உட்கார்ந்த நேரத்தில் இருந்து பத்து நிமிடம் எண்ணுங்கள். மெதுவாக நடக்கிறவரை வரிசையில் இரண்டாவதாக, வழிகாட்டிக்கு நேர் பின்னால் விடுங்கள், மொத்த வரிசையின் வேகமும் தானாக அவர் வேகத்துக்கு வந்துவிடும். வேகமாகப் போயே ஆக வேண்டும் என்கிற பழைய உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு கடினமான நடை போட்டுக்கொடுங்கள். அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள்.

முதல் நடைக்கு எங்கே போவது என்று கேட்டால், இப்போது நம் கையில் நல்ல பதில் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் இருக்கின்றன, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள், ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள், கூடவே வழிகாட்டியாக வருகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பூண்டி பக்கம் குடியம் குகை இருக்கிறது, ஆதிமனிதர்கள் கற்கருவி செய்த நிலத்தில் நடந்து போகலாம், புதியவருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை. ஏலகிரி சாமிமலையும் அப்படித்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு முதல் நடைக்கே கொடைக்கானல் மலையில் இருக்கும் வெள்ளகவிக்கு ஏன் கூட்டிப்போகிறீர்கள்? நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த அந்த ஊருக்கு வட்டக்கானலில் இருந்து இறங்குகிற பாதை அருமையானது, ஊருக்குள் செருப்பில்லாமல் நடக்கிற மரியாதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் அந்த இறக்கத்துக்கு முழங்கால் பழகியிருக்க வேண்டும்.

சில குழுக்களுக்கு இந்த அரசு வழிகள் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. கட்டணம் அதிகம், சுதந்திரம் இல்லை, காட்டுக்குள் தங்க முடியாது என்கிறார்கள். கட்டணம் பற்றிய குறை எனக்கும் உண்டு, மாணவர்களுக்குக் குறைக்கலாம். ஆனால் அனுமதி இல்லாத வழியில் புதியவர்களைக் கூட்டிப்போவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். 2018 மார்ச் 11-ஐ நாம் யாரும் மறக்கக் கூடாது. கொழுக்குமலைப் பக்கம் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அவர்களில் பலர் பெண்கள், நம்மைப்போல வார விடுமுறைக்கு மலை ஏறினவர்கள். அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. மார்ச்சில் மலைச்சரிவுப் புல் எவ்வளவு காய்ந்திருக்கும், தீ மேட்டை நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நகரத்தில் இருந்து வருகிற புதியவருக்குத் தெரியாது. அவர் உங்களை நம்பித்தான் வருகிறார். கோடையில் வனத்துறை வழிகளை மூடினால் நாமும் மூடிவிடுவோம். அனுமதிச் சீட்டின் நகலைப் புறப்படுவதற்கு முன்பே குழுவில் போடுங்கள், யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. கழிப்பிடம் எங்கே இருக்கும் என்று தெரியாததால் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கிற பெண்களைக் கடைசி வரிசையில் தொடர்ந்து பார்க்கிறேன். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று மதியத்துக்கு மேல் வருவதில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஏறுவதற்கு முன்பே, எல்லாரும் இருக்கும்போதே, எந்த இடத்தில் நிற்போம், யாரிடம் சொன்னால் போதும், மாதவிடாய் நாளாக இருந்தால் என்ன ஏற்பாடு என்பதை ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர் வெளிப்படையாகச் சொல்லட்டும். பெண் ஒருங்கிணைப்பாளர் இல்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இனி பை. நாள் நடையில் இருந்து மூட்டை சுமந்து பல நாள் போகும் பயணத்துக்கு மாறும்போது குழுக்கள் புதியவருக்கு எதுவும் சொல்லித்தருவதில்லை, ஒரு பொருள் பட்டியலை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறார்கள். அவர் 60 லிட்டர் பை வாங்குகிறார், வீட்டில் இருப்பதை எல்லாம் அதில் திணிக்கிறார், இடுப்பு வார் ரெண்டு பக்கமும் சும்மா தொங்க, முழு எடையையும் தோளில் சுமந்துகொண்டு வருகிறார். ஒரு தடவை ஒரு தம்பியை நிறுத்தி, தோள் வார் இரண்டையும் நன்றாகத் தளர்த்தி, இடுப்பு வாரை இடுப்பெலும்புக்கு மேல் வைத்து இறுக்கி, அதற்கப்புறம் தோள் வாரை லேசாக இழுத்துவிட்டேன். இரண்டடி நடந்தார், திரும்பிப் பார்த்து, "அண்ணா, பாதி வெயிட் எங்க போச்சு?" என்றார். ஒரு நிமிட வேலை. ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டு மேலே, மொத்த எடை உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதை ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பார்க்கில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். எல்லாரும் பையோடு வரட்டும், பிரித்துப் போட்டு, வேண்டாததை எடுத்து வையுங்கள். பிறகு அதே எடையோடு பழனிப் படியோ பரங்கிமலைப் படியோ ஏறட்டும். ஜீன்ஸ் வேண்டாம் என்பதையும், இறக்கத்தில் விரல் நுனி இடிக்காத அளவுக்கு ஷூ கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும், நகத்தை வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

இந்தப் பழக்கம் எதுவும் இல்லாமல் நேராக இமயமலைக்குக் கூட்டிப்போகிற குழுக்களும் இருக்கின்றன. கேதார்காந்தா என்றால் 'பிகினர் ட்ரெக்' என்று ஒரு பேச்சு, ஆனால் அது சுமார் 3,800 மீட்டர். நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 2,500-க்கு மேலேயே உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் யாருக்கும் வரலாம், 3,000-க்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. ஜிம்முக்குப் போகிறவரா இல்லையா என்பதை உயரம் பார்க்காது. தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதிகமானால் இறங்க வேண்டும். இதைப் புதியவர் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சிக்குப் போனாலும் போகாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று காலையிலேயே அறிவித்துவிடுங்கள். இன்னும் அரை மணி நேரம்தான், போய்விடலாம் என்று யார் கெஞ்சினாலும், அது பத்து வருடப் பழைய உறுப்பினராகவே இருந்தாலும், திரும்புங்கள். ஆறு மணிக்கு மேல் யானை நடமாடும் காட்டில் டார்ச் கூட இல்லாத புதியவர்களோடு இறங்குவது வீரம் ஆகாது.

பணம் இல்லாத பிள்ளைகளும் வர ஆசைப்படுகிறார்கள் என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஷூ, பை, ஹெட்லேம்ப், மழைக்கோட்டு எல்லாம் வாங்கினால்தான் வரலாம் என்ற நிலை இருந்தால் கல்லூரி மாணவர் எப்படி வருவார்? பழைய உறுப்பினர்கள் வீட்டில் பரணில் கிடக்கும் பைகளைச் சேர்த்து ஒரு பொதுச் சேமிப்பு வையுங்கள், இரவல் கொடுங்கள். என்னிடம் ஒரு பையும் இரண்டு ஹெட்லேம்ப்பும் உபரியாக இருக்கின்றன. கோவையில் எந்தக் குழு இதை ஆரம்பித்தாலும் கொண்டுவந்து தருகிறேன்.

அடுத்த நடைக்கான அறிவிப்பை இந்த வாரம் எழுதப்போகிறவர்கள் ஏற்றம், திரும்பும் நேரம், தண்ணீர், அனுமதி நகல், பெண் ஒருங்கிணைப்பாளரின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். கடைசியில் நடக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், வருகிறேன்.