ஒரு சாண் கருவேலங்கட்டை

எங்கள் வீதியில் இருக்கும் எல்லோருக்கும், கணபதி லேத் பட்டறை நண்பர்களுக்கும் வணக்கம்.

எழுந்து உட்கார்ந்து நான் எழுதும் முதல் மடல் இது. இடது தோளில் இன்னும் கட்டு இருக்கிறது. வலது கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கார் ஷெட்டில் வண்டிக்கு அடியில் நான் மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன். அதிலும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அவருடன் நான் அதிகம் பேசியதில்லை. காலையில் கோலம் போடும்போது பார்த்தால் தலையசைப்பேன், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கிரைண்டரை ஓட்டினால் அந்தச் சத்தம் நேராக அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போகும். ஒரு வருடமாக அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் சாயங்காலம், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிளட்ச் கேபிளை மாட்டிக்கொண்டிருந்தேன். ஷெட் வாசலில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெள்ளி மெட்டி, வெடித்த குதிகால்.

"ஏஞ்சாமி, அடியில போறதுக்கு முந்தி ஒரு கட்டை போட மாட்டயா?"

"ஸ்டாண்டு போட்டிருக்குதுங்கம்மா" என்றேன்.

"அது இருந்தா இருக்கட்டும். இதுவும் கெடக்கட்டும்."

இடுப்பில் வைத்துத் தூக்கி வந்த ஒரு கட்டையைக் கீழே வைத்து, காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டார். கருவேலங்கட்டை. ஒரு சாண் உயரம், ஒன்றரைச் சாண் நீளம். எண்ணெயும் டீசலும் ஊறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு முனையில் கயிறு கட்ட ஓட்டை. லாரியில் கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்கு அடை கொடுப்பாரே, அந்தக் கட்டை.

"எங்கூட்டுக்காரரு முப்பது வருசம் லாரிக்கு அடியில போனாரு. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்தாரு. இதை வெச்சுட்டுத்தான் போவாரு" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போய்விட்டார்.

அவர் கணவர் நாங்கள் இந்த வீதிக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். லாரி டிரைவராக இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மா தந்ததைத் திருப்பிக் கொடுத்தால் மனம் வருத்தப்படும் என்று நினைத்து, அன்றிலிருந்து அடியில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டையை என் பக்கத்தில், பாடியின் அடிச்சட்டத்துக்கு நேர் கீழே வைத்துக்கொள்வேன். உண்மையில் அவர் சொன்னது அதுவல்ல. சக்கரத்துக்குத்தான் அடை கொடுக்கச் சொன்னார். அது எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் புரிந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இதுபோல வேலை செய்கிறவர்கள் யாராவது படித்தால் உதவும்.

அந்த ஷெட்டில் என்ன செய்கிறேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது அப்பாவின் மாருதி 800. அதில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும், முன் சக்கரங்கள் வண்டியை இழுக்கும். நான் அதைப் பின் சக்கரம் தள்ளுகிற வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆம்னி வேனிலும் இதே குடும்பத்து 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். ஆனால் அங்கே அது முன் சீட்டுக்கு அடியில் நெடுக்காக இருக்கும், அதன் பின்னால் கியர் பாக்ஸ், சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் இருக்கும் ஹவுசிங் என்று வரிசையாகப் போகும். அதனால் ஒரு பழைய ஆம்னியின் உறுப்புகளை 800இன் உடம்புக்குள் பொருத்துவதுதான் வேலை. சொல்ல எளிது. இன்ஜினை நெடுக்காகத் திருப்பினால் கியர் பாக்ஸ் கால் வைக்கும் இடத்துக்குள் வந்துவிடும். அதற்குத் தளத்தை அறுத்து, தகட்டில் புதிதாக ஒரு குகை மாதிரி கட்ட வேண்டும். வில் கட்டைகளை, அதாவது பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்குகளைத் தாங்க அடியில் இரும்பு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன்னால் பெட்ரோல் டேங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

ஏன் இந்தப் பாடு என்றால், முன் சக்கரமே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் மண் தடத்தில் இரண்டும் அரைகுறையாகிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும், இழுக்கிற சக்கரம் பிடி இழக்கும். பின் சக்கரம் தள்ளினால் அதே பாரம் துணைக்கு வரும். வளைவில் வாலை வீசித் திரும்பும் அந்த உணர்வுக்கு ஆசைப்பட்டுத்தான் இறங்கினேன். நம் கோயம்புத்தூருக்கு இது அந்நியமான ஆசை இல்லை. 80களின் கடைசியில் நம் ஊர்ப் பந்தயக்காரர் கரிவரதன் இதே 800இன் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாலும், கியரில் போட்டுவிட்டால் முன் சக்கரம் இறுகி நிற்கும். இருபது வருடமாக என் கை அப்படியே பழகியிருக்கிறது. இப்போது இந்த வண்டியில் முன் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பே இல்லை. கியர் பிடிப்பதும் பின் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரத்தை. அந்தப் பின்பக்கமோ அந்தரத்தில் இருந்தது. பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றியும் வைத்திருந்தேன். தரையில் நின்ற முன் சக்கரங்கள் தொட்டால் உருளும் நிலையில் இருந்தன. அதோடு, மழைத் தண்ணீர் வடிவதற்காக எங்கள் ஷெட் தரை வாசல் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஸ்டாண்டுகளை ஏன் எடுத்தேன் என்று டாக்டர்கூடக் கேட்டார். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸ் என்கிற மடங்கும் மூட்டு இருக்கிறது. கியர் பாக்ஸின் சாய்வும் ஹவுசிங்கின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், ஷாஃப்ட் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறைந்து அதிரும். அந்தச் சாய்வை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் பாரம் வில் கட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக ஹவுசிங்கின் நடுவில் ஒற்றை ஜாக்கியைக் கொடுத்துவிட்டு, பாடியைத் தாங்கிய ஸ்டாண்டுகளை எடுத்தேன். அளந்து முடித்தேன். ஸ்டாண்டுகளைத் திரும்ப வைக்காமல், ஷாஃப்ட்டை ஹவுசிங்கோடு இணைக்கும் ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்டையும் இறுக்கிவிடலாம் என்று ஸ்பானரை அழுத்தி இழுத்தேன்.

நான்காவது போல்ட் இன்னும் இறுக்கப்படவில்லை.

முன் சக்கரங்கள் உருண்டன, ஜாக்கி நழுவியது. கட்டை இருந்ததால் அடிச்சட்டம் அதன்மேல் உட்கார்ந்தது. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிஞ்சியது. அந்த ஒரு சாணில் என்னால் மூச்சு விட முடிந்தது. கத்த முடிந்தது. நீங்கள் வந்தீர்கள்.

புதன்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பியதும், மனைவியைக் கூட்டிக்கொண்டு கட்டையைத் திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் உட்காரச் சொன்னார். அங்கே ஒரு பெரிய பித்தளை அண்டா ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் இதே மாதிரி இன்னொரு கட்டை, மறுபக்கம் உயரம் போதாமல் இரண்டு உடைந்த செங்கல், மேலே மடித்த சாக்கு. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சும்மா மூலையில் கிடந்த கட்டையை அவர் எனக்குத் தரவில்லை. தினமும் தண்ணீர் பிடிக்கிற அண்டாவைக் காலி செய்து, சாய்த்து, அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறார். தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்ட ஒருவனுக்காக, யாரும் கேட்காமல் செய்திருக்கிறார். இரண்டு வாரமாக அந்த அண்டா அப்படி ஆடிக்கொண்டே நின்றிருக்கிறது.

காலில் விழப் போனேன். "தோளு கட்டோட குனியாத சாமி" என்று தடுத்துவிட்டார். கட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேல்முகத்தில் வண்டியின் சட்டம் அழுந்திய தடம் விரல் அகலத்துக்குப் பள்ளமாக, உள்மரம் சிவப்பாகத் தெரியும்படி இருக்கிறது. அதைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கட்டையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, "வேலை முடியட்டும். அப்பறம் கொண்டாந்து குடுங்க" என்றார். காபி போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்ற எல்லோருக்கும். என் குரல் கேட்டுச் சுவரேறிக் குதித்து வந்த கிரிக்கெட் பையன்கள் எட்டுப் பேருக்கும், ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்ததற்கு. தூக்கியதும் அவசரப்பட்டு என்னை இழுக்க விடாமல், முதலில் ஸ்டாண்டை உள்ளே வைக்கச் சொன்ன மாடிவீட்டு நர்ஸ் அக்காவுக்கு. காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஆட்டோ அண்ணனுக்கு. ராத்திரி முழுக்க எங்கள் பாப்பாவைத் தூங்க வைத்த மூலைவீட்டுக் குடும்பத்துக்கு. இந்த வண்டி இவ்வளவு தூரம் வந்ததற்கும் சிலருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆம்னி ஹவுசிங்கைத் தவணையில் கொடுத்த உக்கடம் இரும்புக் கடைக்காரர். முன் ஆக்சிலைக் கழற்றினாலும் அதன் வெளிமுனைத் துண்டை மட்டும் சக்கரத்துக்குள் விட்டுவை, இல்லாவிட்டால் பேரிங் தளர்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன். ஆம்னியின் ஷாஃப்ட் நீளம் பத்தாமல் போனபோது, குழாயை மாற்றிப் பற்றவைப்பதற்கு முன்னால் நீளவாக்கில் சாக்பீஸ் கோடு கிழித்து, கிராஸ் உட்காரும் இரண்டு முனைக் காதுகளும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்த லேத் அண்ணன். அந்தக் கோட்டை நான் இன்னும் துடைக்கவில்லை.

வண்டியை விற்றுவிடு என்று சிலர் அன்போடு சொன்னீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவிதான் முடிவு சொன்னாள், முடித்துவிடு என்று. ஆனால் அவளிடம் சில வாக்குகள் கொடுத்திருக்கிறேன், உங்கள் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அடை கொடுக்காமல் ஜாக்கியைத் தொட மாட்டேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது அடியில் போக மாட்டேன். வேடிக்கை பார்க்க வரும் பையன்களுக்குச் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் கட்டை வைக்கக் கற்றுக்கொடுப்பேன். முடித்த வண்டி சாலைக்கும் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மண் தடத்தில்தான் இறக்குவேன். இதில் யாரும் கவலைப்பட வேண்டாம்.

தோள் சேர ஆறு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். அதற்குள் மர டிப்போவில் இதே அளவில் நான்கு கட்டைகள் அறுத்து வாங்கிவிடுவேன். அவை வந்த அன்றே எதிர்வீட்டுக்குப் போய், அந்த இரண்டு செங்கல்லையும் எடுத்துவிட்டு, அம்மாவின் கட்டையைத் திரும்ப வைத்து, அண்டாவை நேராக நிறுத்திவிட்டு வருவேன். பள்ளம் விழுந்த முகம் கீழே இருக்கும்படி வைக்கலாமா என்று கேட்டேன். மேலேயே இருக்கட்டும் என்றார்.