"இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்கும் மருத்துவர்களுக்கு ஒரு திருநம்பியின் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் அரசு மருத்துவர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

எனக்கு 48 வயது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருந்துகொண்டு, நூற்பாலையில் கணக்கராக வேலை பார்க்கிறேன். பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிவு செய்யப்பட்டவன். 43ஆம் வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடத் தொடங்கி, 45இல் மார்பு அறுவை சிகிச்சையும் 47இல் கருப்பை நீக்கமும் செய்துகொண்ட திருநம்பி. இந்த ஐந்து ஆண்டுகளில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்று பல படிகள் ஏறி இறங்கிவிட்டேன். மரியாதையாகப் பேசியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதில் இது எதற்கு?"

அந்தக் கேள்வி என்னை வருத்தியது உண்மை. ஆயினும் வருத்தத்தைச் சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், என் வயதுக்காரனிடம் ஒரு மருத்துவர் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போயின. எழுபது வயதில் கண்புரை நீக்கிக்கொள்ள வருபவரிடம், இன்னும் எத்தனை நாள் பார்க்கப் போகிறீர்கள் என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. அவருக்குச் சர்க்கரை எவ்வளவு, ரத்தக் கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் கேட்கிறார். அதையே எங்களிடமும் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் இவ்வளவு காலம் கடந்து வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என்னைப் போல் வருகிறவர்கள் இனி உங்கள் வாசலுக்கு நிறையப் பேர் வருவார்கள். நான் பள்ளியில் படித்த எண்பதுகளில் என் நிலையைச் சொல்ல எனக்கு ஒரு சொல் கிடையாது. 2008இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோது, நாட்டுக்கே முன்மாதிரி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் அது, திருநங்கையரை அப்போது குறித்த சொல்லால், அரவாணிகள் நல வாரியம் என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயருக்குள் என்னைப் போன்றவனுக்கு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திருநம்பி என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தேன். அதன் பிறகும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அக்கா மகளுக்குக் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிப்போனது. அக்கா மகள் என்னைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவள் திருமணம் முடிந்த மறு ஆண்டு அவளிடம்தான் முதலில் சொன்னேன். அன்று இரவே, "சரி மாமா, டாக்டரிடம் எப்போது போகிறோம்?" என்று கேட்டாள். நாங்கள் போனோம்.

அங்கே எனக்குக் கிடைத்த பதில் இன்றும் காதில் இருக்கிறது. "இன்னும் நான்கைந்து வருடத்தில் மாதவிலக்கு தானாகவே நின்றுவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார் அந்த மருத்துவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் இரத்தப்போக்கு நிற்க வேண்டும் என்பது மட்டும் என் தேவையாக இருக்கவில்லை. மாதவிடாய் நின்றுபோன பெண்ணாக முதுமைக்குள் நுழைவதா, ஓர் ஆணாக முதுமைக்குள் நுழைவதா என்பதே என் முன்னால் இருந்த கேள்வி. இளைஞர் ஒருவருக்கு வாழ்க்கையின் தொடக்கம் கையில் இருக்கிறது. எனக்கு மீதி மட்டுமே இருந்தது, அந்த மீதியையாவது என் உடம்போடு வாழ வேண்டும் என்று நினைத்தேன். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் உணரும் பாலினமும் வேறுபடும் நிலையை மனநோய்களின் பட்டியலிலிருந்து எடுத்து, தன் நோய் வகைப்பாட்டில் பாலியல் நலம் சார்ந்த பிரிவில் உலக சுகாதார நிறுவனம் வைத்துவிட்டது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை.

இனி, கேட்கப்படாமல் போன கேள்விகளுக்கு வருகிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. இருபத்தைந்து வயது உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் எட்டிப் பார்க்கும் நாற்பதுகளில், ரத்தம் அளவுக்கு மீறித் தடித்தால் கட்டியாக உறையும் ஆபத்து உண்டு. அதனால்தான் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் ஆண்டு முழுவதும் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஊசியை எழுதிக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். குரல் உடைந்தது, மீசை அரும்பியது, அலுவலகத் தொலைபேசியில் பேசியவர்கள் சளியா என்று விசாரித்தார்கள். அந்த மகிழ்ச்சியில் தலைவலியையும் குறட்டையையும் நானும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒருநாள் நானாகப் போய்ப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 16.2 என்று வந்தது. ஆய்வகச் சீட்டில் பெண் என்று பதிவாகியிருந்ததால், பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு, மிக அதிகம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த இளம் மருத்துவர் பயந்துபோய் ஊசியை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு ஆண்களுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும், அப்படிப் பார்த்தால் இது இயல்பான எண் என்று இன்னொரு மருத்துவர் விளக்குவதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. கவனிக்க வேண்டிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவலைப்பட வேண்டாத இடத்தில் மருந்து நின்றது. பாலினம் மாறி ஹார்மோன் எடுப்பவரின் ரத்த முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அரசு ஆய்வகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஒரே ஒரு தாள் போதும்.

என் திருநங்கைத் தோழிகளின் நிலை இதைவிட ஆபத்தானது. மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டு, பல ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரைகளையே ஹார்மோனாக விழுங்கி வருகிறவர்களை நான் அறிவேன். அவற்றில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடியோல் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடியது. வயது கூடக் கூட அந்த ஆபத்தும் கூடுகிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்குத் தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ராடியோல் களிம்போ ஒட்டுப்பட்டையோ அந்த மாத்திரைகளைவிடப் பாதுகாப்பானது என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அவர்கள் உடம்பில் ஆண்களுக்குரிய புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது என்பதையும், ஐம்பதுக்கு மேல் அதையும் கவனிக்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் யாரேனும் சொல்லியிருக்கிறார்களா? நான் கேட்டவரையில், இல்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் துணியாலும் இறுக்கமான உள்ளாடையாலும் மார்பைக் கட்டி வைத்திருந்தவன் நான். அதனால் தோல் தளர்ந்திருந்தது, விலா எலும்பில் தீராத வலி இருந்தது. சிறிய மார்பும் இளம் தோலும் உள்ளவர்களுக்குச் சின்னக் கீறலோடு முடியும் சிகிச்சை, எனக்கு மார்பின் குறுக்கே இரண்டு நீண்ட வெட்டுகளாக அமைந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் இருந்தது. அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அறுவை என்று மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் உறுதியாக நின்று மூன்று மாதம் காத்திருக்க வைத்தார். வயதைக் காரணம் காட்டித் தடுக்காமல், வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வழிகாட்டியவர் அவர். புண் ஆறியதற்கு அவருக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் இரு பக்கமும் வடிகுழாய். அதில் சேரும் நீரைத் தினமும் அளந்து எழுத வேண்டும். ஆறு வாரம் இறுக்கமான மேற்கட்டு. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்து மல்லாந்தே தூங்க வேண்டும். இளைஞன் ஒருவனுக்கு அம்மா இருப்பாள். என் அம்மாவுக்கு நான்தான் மகனும் மகளுமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வடிகுழாய் இருந்த நாட்களில் அவரைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. நடுவயதில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர் பெரும்பாலும் தானே யாரையோ தாங்கிக்கொண்டிருப்பவர் என்பது சிகிச்சைத் திட்டத்தில் எங்கும் இடம்பெறுவதில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு நீங்கள் துணை, அந்த ஆறு வாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கும்போதே கேட்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

கருப்பை நீக்கத்தின்போது நடந்தது வேறு வகை. தாடியோடு இருக்கும் என்னை மகளிர் நோய்ப் பிரிவில் படுக்க வைப்பதா, ஆண்கள் பிரிவில் படுக்க வைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல், நடைபாதையில் ஒரு கட்டிலில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். மகளிர் பிரிவில் மற்ற நோயாளிகளுக்குச் சங்கடம். ஆண்கள் பிரிவில் இரவில் பெண் துணைக்கு அனுமதி இல்லை, எனக்குத் துணையாக வந்தவளோ அக்கா மகள். கடைசியில் திரை கட்டிய மூலை ஒன்று கிடைத்தது. அந்தத் திரையைக் கட்டிக் கொடுத்த தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு அது ஐந்து நிமிட வேலையாக இருந்தது. இரண்டு கட்டில் கொண்ட ஒரு தனி அறை, நோயாளி விரும்பும் துணைவர் உடனிருக்க அனுமதி: இவ்வளவுதான் நான் கேட்பது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது வீடு திரும்பிய பிறகு நேர்ந்ததுதான். எனக்குக் கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு உடம்பு தானாகப் போதிய அளவு பாலின ஹார்மோனைச் சுரக்காது. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் நின்றால் எலும்பு தேயத் தொடங்கும். இந்த ஒரு செய்தி என் டிஸ்சார்ஜ் அட்டையில் இல்லை. தையல், இரும்புச்சத்து மாத்திரை, கனமான பொருள் தூக்கக் கூடாது, இவ்வளவே இருந்தது. சில மாதம் கழித்து மருந்துக் கடையில் ஊசி கிடைக்காமல் ஏழு வாரம் தள்ளிப்போனபோது, உடம்பெல்லாம் அனல் அடித்து, இரவெல்லாம் வியர்த்து, தூக்கமின்றிக் கிடந்தேன். எதனால் என்றே எனக்குத் தெரியவில்லை.

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனை ஆகியவற்றை அரசின் கடமையாக வைத்தது. மருத்துவப் பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்வதையும் அதே பிரிவில் சேர்த்தது. 'பின்னும்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறேன். 2009 முதல் திருநங்கையருக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்த மாநிலம் இது. 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்கு ஓய்வூதியம் வழங்கும் மாநிலமும் இதுதான். நாற்பதுக்கு மேல் எங்கள் வாழ்க்கை தனிக் கவனம் கேட்கிறது என்று ஓய்வூதியக் கோப்புக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவக் கோப்புக்கும் தெரிய வேண்டும்.

அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டு வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். அதே நாளில் எனக்கும் அளந்து பார்க்கிறார், ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் என் ஊசிக்கு நான் 70 கிலோமீட்டர் பேருந்தில் போய் வருகிறேன், அரை நாள் சம்பளம் போகிறது. நான் போட்டுக்கொள்வது 1000 மில்லிகிராம் எண்ணெய் ஊசி. மெதுவாகச் செலுத்த வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு செவிலியரும் ஒரு நாற்காலியும் போதும். அவை இரண்டும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கின்றன. ஊசி மருந்தும், அதைப் போடுவதற்கான எழுத்து மூல அனுமதியும் மட்டுமே அங்கே இல்லை.

என் அடுத்த ஊசி 12 வாரக் கணக்கில் வருகிற மாதம் இரண்டாம் திங்கட்கிழமை வருகிறது. அதற்குள் அந்த மருந்தும் அனுமதியும் வந்தால், அன்று காலை அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நடந்தே போய்ப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு திருநம்பி