உமையாளுக்கு, ஆல்பம் வந்த பிறகு

சிவமயம்

அன்பு மகள் உமையாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே அப்பச்சியும் நானும் சுகம். அங்கே மாப்பிள்ளை, பேரன், நீ எல்லோரும் சுகமா?

பீமரத சாந்தி ஆல்பம் நேற்று வந்து சேர்ந்தது. அப்பச்சிக்கு எழுபது என்று யாரும் நம்பவில்லை. என்னைப் பார்த்தவர்கள் கண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனையோ வருஷமாக எல்லாப் படத்திலும் தூங்கி வழிகிற மாதிரி இருந்தவள், இதில் முழித்திருக்கிறேன். எல்லோரிடமும் "உமையாள் போட்டுவிட்ட மேக்கப்" என்று சொன்னேன்.

அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்குப் பட்டாலையில் பெல்ஜியம் கண்ணாடி முன்னால் என்னை உட்கார வைத்தாயே, ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. "கண்ணை மூடாதே ஆத்தா, நேரே பார்" என்றாய். போன தடவை பார்லர் பெண் கண்ணை மூடச் சொல்லி மடிப்புக்குள் கலர் தடவினாள். திறந்ததும் எல்லாம் தொங்குகிற தோலுக்கு அடியில் போய்விட்டது. நீ திறந்த கண்ணிலேயே, மடிப்புக்குச் சற்று மேலே, மினுமினுப்பு இல்லாத பழுப்பு நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாய். மினுக்குகிற கலர் சுருக்கத்தை எடுத்துக் காட்டும் என்றாய். ஐலைனரை இமைமயிர் ஓரமாக நூல் போல இழுத்து, கடைக்கண் கீழே சரிகிற இடத்துக்கு முன்பே மேலே திருப்பினாய். ஐம்பது வருஷமாக நான் கீழ்க்கண்ணில் அப்பி வந்த மைதான் கண்ணை இன்னும் கீழே இழுத்தது என்று நீ சொல்லித்தான் தெரியும். முதலில் பிரைமர், கடைசியில் ஒரு சிட்டிகை பவுடர். கலசத் தண்ணீர் தலையில் ஊற்றியும் மஸ்காரா கரையவில்லை. இதையெல்லாம் நீ எங்கேதான் கற்றுக்கொண்டாயோ, எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் ஒன்று சொன்னாய். "உன் ரெண்டு கண்ணும் சமமா இல்ல. பெரிசா தெரியிற கண்ணுக்குத் தடிச்ச கோடு, சின்னக் கண்ணுக்கு மெல்லிசு. அப்பத்தான் ஒண்ணுபோல இருக்கும்."

அதை நீ சொல்லித் தராமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே வந்திருக்காது.

ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். காலைப் படங்களில் உன் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, ஒரே கோடு. மத்தியானப் பந்தியில் இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் முகப்பில் எல்லோரும் நின்று எடுத்த படத்தில் வலது கண்ணில் தடித்த கோடு, இடது கண்ணில் இழை. நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கி, முகவாயை மேலே வைத்துக்கொண்டு நிற்கிறாய். அப்பச்சியிடம் காட்டினேன். அலைச்சல் என்றார். எனக்கு அலைச்சலாகத் தெரியவில்லை. தட்டில் பூ வைக்கும்போது உன் கை ஒரு விரல் தள்ளிப் போனதையும் பார்த்தேன். அன்றைக்குக் கேட்காமல் விட்டது என் தப்பு.

இரண்டு மாதமாக வீடியோவில் வருவதில்லை. போனில் பேசினால் போதாதா என்கிறாய். நாற்பத்து மூன்று வயது மகளிடம் எதையும் கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. நீயாகச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இருப்பது வயதில் வந்த தோல் தொய்வு. இரண்டு கண்ணிலும் உண்டு, காலையும் மாலையும் ஒரே மாதிரி. அதற்கு நீ போட்டுவிட்ட கலர் போதும். காலையில் சரியாக இருந்து பொழுது சாயச் சாய இறங்குகிற இமை வேறு. உன் ஆயாவுக்கு இருந்தது அது.

நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. 1991 வாக்கில் ஆயா விளக்கு வைக்கிற நேரத்தில் முகவாயைத் தூக்கிக்கொண்டுதான் பேசுவாள். சீப்புச் சீடையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கேட்பாள், பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? திண்ணையில் தூங்கித் தூங்கி மூஞ்சியே அப்படி ஆகிவிட்டது என்றேன். உன் அம்மான் கல்யாணத்தில், மாப்பிள்ளையைப் பெற்றவள் இப்படி நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று நானே அவள் கண்ணில் தடிக்க மை தீட்டி மறைத்தேன். போட்டோவுக்கு முகத்தைத் தூக்காதே, கீழே பார் என்று அதட்டினேன். இறக்கினால் அவளுக்குக் கண் தெரியாது, அது எனக்குப் புரியவில்லை. வளவுப் படியில் தடுக்கி விழுந்தாள். அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976லேயே வந்துவிட்டது. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் காட்டியிருக்கலாம். நான் மதுரைக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனது 1994ல். மூடிய இமைமேல் ஐஸை இரண்டு நிமிஷம் வைத்து எடுத்தார். என் கண்ணெதிரே அந்த இமை மேலே ஏறியது. மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பே தடுத்துக்கொள்கிறதாம், பலருக்குக் கண்ணில்தான் ஆரம்பிக்குமாம். மாத்திரை சாப்பிட்ட பிறகு ஆயா சீடையை ஊறவைக்கவில்லை. மூன்று வருஷம் அவளைச் சோம்பேறி என்று சொன்னது நான்தான், உமையாள். என் அம்மாவை.

தாய்க்கு வந்தால் மகளுக்கும் பேத்திக்கும் வந்தே தீரும் என்கிற நோய் இல்லை என்றார் டாக்டர். உனக்கு அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ரொம்ப நாள் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் இமை தொய்யுமாம், நீ காலேஜிலிருந்து போடுகிறாய். ஆனால் டாக்டரிடம் காட்டு. கண் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் நரம்பு டாக்டரிடமும் காட்டு. சாயங்கால அப்பாயின்ட்மென்ட்டாக வாங்கு, மேக்கப் இல்லாமல் போ. காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் மாப்பிள்ளை போனுக்கு அனுப்பியிருக்கிறேன், அதையும் காட்டு. திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலித்தாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ அப்பாயின்ட்மென்ட் பார்க்காதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. காட்டாமல் இருந்துவிடாதே.

கோபம் வந்தால் கோபித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் வா.

பார்சலில் மணகோலமும் சீப்புச் சீடையும் போட்டிருக்கிறேன். சீடை இந்தத் தடவை கொஞ்சம் கெட்டி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு கடித்துப் பார்த்துவிட்டு, ஓயாமல் தின்ன முடிந்ததா என்று எனக்கு எழுது.

உன் ஆத்தா