முதல் கேமை முடிக்கும்வரை கைகொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் துறையை நாட்டின் பெரிய தொழிலாக வளர்க்க வேண்டும் என்று அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தொழில் பூங்கா, பயிற்சி மையம், போட்டி அரங்கம் என்று அதில் நிறைய யோசனைகள் இருந்தன. உட்கார்ந்து கேம் செய்கிறவர்களைப் பற்றி மட்டும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. பதினோரு வருடமாக அந்த வேலையில் இருக்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பரிமாணக் கலைஞர். கேமுக்குள் நீங்கள் பார்க்கும் மேசை, பீப்பாய், படிக்கட்டு, தெருவிளக்கு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உருவாக்க வேண்டும் அல்லவா, அந்த வேலை. வெளிநாட்டு கேம் ஒன்றுக்காக நான் செய்த இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது. திரையில் அது வந்துபோவது நாலு விநாடி. எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. முதலில் வடிவம். பிறகு அதன் மேற்பரப்பை அட்டைப்பெட்டியைப் பிரிப்பது போலப் பிரித்துத் தட்டையாக விரித்து, அதன் மேல் வண்ணம் பூச வேண்டும். கீலிலிருந்து துரு எந்தப் பக்கம் வழிந்திருக்கும், கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் எவ்வளவு தேய்ந்திருக்கும், கீழே தண்ணீர் தேங்கிய கறை எந்த உயரம்வரை ஏறியிருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்துத்தான் பூச முடியும். அப்புறம் அதே கதவு தூரத்தில் தெரியும்போது கணினிக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக, விவரங்களைப் படிப்படியாகக் குறைத்து இன்னும் மூன்று பிரதிகள் செய்தேன்.

கேம் வெளிவந்ததும் பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கள் ஸ்டூடியோவின் பெயர் ஒரு வரியில் வந்து போனது. அதில் வேலை செய்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை. ஒப்பந்தப்படி அந்தக் கதவை நான்தான் செய்தேன் என்று வெளியே காட்டவும் கூடாது. சம்பளம் மாதாமாதம் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை கொடுத்த நிறுவனம் அடுத்த திட்டத்தை நிறுத்தியதும் மூன்று வாரத்தில் எங்களில் பாதிப்பேர் வெளியே நின்றோம். அத்தனை வருட உழைப்பில் எங்கள் ஸ்டூடியோவுக்குச் சொந்தமாக ஒரு கேம்கூட இல்லை. இருந்திருந்தால் அதன் விற்பனையாவது இன்னொரு ஆறு மாதத்துக்குத் தாங்கியிருக்கும்.

அடுத்தவர் கேமுக்குப் பாகம் செய்து கொடுப்பது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. தொழில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் ஆங்கிரி பேர்ட்ஸுக்கு முன்பு 51 கேம்கள் செய்திருந்தது. அவற்றில் பலவும் மற்ற நிறுவனங்களுக்காகச் செய்தவை. 2009 டிசம்பரில் வெளிவந்த 52ஆவது கேம்தான் ஆங்கிரி பேர்ட்ஸ். அதற்குள் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. போலந்தின் சிடி புரொஜெக்ட் 1994இல் மற்றவர்களின் கேம்களை விற்கும் கடையாகத் தொடங்கி, அவற்றைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்து, 2007இல்தான் தன் சொந்த கேமான விட்சரை வெளியிட்டது. இவர்களும் நாங்கள் நிற்கும் இடத்தில் நின்றவர்கள்தான். அங்கிருந்து சொந்த கேமுக்குப் போகும் அந்த ஒரு தாண்டலில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். அரசின் உதவி அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நானும் அங்கே விழுந்தவள்தான். வேலை போனதும் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். ஒரு புரோகிராமர், ஒலி அமைப்பவர் ஒருவர், கதை எழுதும் தோழி, நான். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண், மூடுபனியில் வரும் படகுகளை வெளிச்சத்தையும் மணியோசையையும் மட்டும் வைத்துக் கரைக்குக் கொண்டுவரும் கேம் அது. சேமிப்பைப் போட்டு ஒன்பது மாதத்தில் இருபது நிமிடம் ஆடக்கூடிய டெமோ தயார் செய்தோம். விளையாடிப் பார்த்தவர்கள் முடிந்ததும் 'அப்புறம்?' என்று கேட்டார்கள். அந்த 'அப்புறம்' செய்வதற்கு இன்னும் ஒன்றரை வருடம் வேண்டும், கையில் காசு இல்லை.

வங்கிக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்றார். நாலு கணினி என்றோம். சரக்கு என்ன இருக்கிறது என்றார். லேப்டாப்பைத் திறந்து கேமைக் காட்டினோம். 'நன்றாக இருக்கிறதம்மா, ஆனால் இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?' என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேமுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி சம்பளம். அதைப் பறிமுதல் செய்து ஏலம் விட முடியாது. பிறகு, பணம் போட்டு கேமை வெளியிடும் பப்ளிஷர் ஒருவர் முன்வந்தார். கதை, பாத்திரங்கள், பெயர், அடுத்த பாகம் என்று அத்தனை உரிமையையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தால் மறுபடியும் கதவு செய்த கதைதான். மறுத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து நாலு பேரும் ஆளுக்கொரு வேலைக்குப் போனோம்.

இந்த இடத்தில் எவ்வளவு சிறிய தொகை போதும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். 2015இல் அங்கே தொடங்கிய யுகே கேம்ஸ் ஃபண்ட், சிறு குழுக்கள் தங்கள் கேமின் முன்மாதிரியைச் செய்ய 25,000 பவுண்டுவரை மானியம் கொடுத்தது. அதன் அலுவலகம் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இருக்கிறது. லெமிங்ஸ், முதல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற புகழ்பெற்ற கேம்கள் உருவான ஊர் அது. 1997இலேயே அங்குள்ள அபர்டே பல்கலைக்கழகம் கேம் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. படிப்பு, வேலை, முதல் கேமுக்குப் பணம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆள்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள்.

'மக்கள் வரிப்பணத்தைப் போட்டு, கேம் தோற்றுப்போனால்?' என்று கேட்பார்கள். தோற்கத்தான் செய்யும், பலவும் தோற்கும். பின்லாந்தில் 2010இல் தொடங்கிய சூப்பர்செல் நிறுவனத்துக்கு ஆரம்ப நாள்களிலேயே டெக்கெஸ் என்ற அரசு நிதி அமைப்பு கடன் கொடுத்தது. அவர்களுடைய முதல் கேம் கன்ஷைன் எடுபடவில்லை, மூடிவிட்டார்கள். அதே ஆள்கள் அதே அலுவலகத்தில் அடுத்துச் செய்ததில் ஒன்றுதான் 2012இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். மறு வருடமே நிறுவனத்தின் பாதிக்கு மேலான பங்கு 150 கோடி டாலருக்கு விற்பனையானது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. முதல் கேம் தோற்ற அன்றே அவர்களைக் கலைந்து போகும்படி விட்டிருந்தால் இரண்டாவது வந்திருக்காது. கேம் தோற்றாலும், அதைச் செய்து முடித்த குழு கையில் இருக்கும். பாதியில் நின்ற எங்களைப் போன்றவர்களுக்கு முடித்த அனுபவம்கூட மிஞ்சவில்லை.

வரிச்சலுகையும் வேண்டும்தான். பிரிட்டன் 2014இல் கொண்டுவந்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் தொண்ணூறுகளிலிருந்தே கேம் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்து மாண்ட்ரியல் நகரத்தை ஸ்டூடியோக்களால் நிரப்பியது. ஆனால் வரிச்சலுகை என்பது முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து 30 சதவீதச் சலுகை இருக்கிறது, அதற்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் செலவழித்திருக்க வேண்டும். நாலு பேர் கொண்ட குழு அந்த வாசலைக்கூட எட்டாது. ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்கு அது நல்ல காற்று. எழுந்து நிற்க முயல்கிறவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

அந்த ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே மத்திய அரசு கேம்களுக்காக 2 கோடி டாலர் நிதி ஒன்றை அறிவித்து, 2014 பட்ஜெட்டில் பாதியிலேயே நிறுத்திவிட்டது. ஒரு கேமுக்கு மூன்று, நாலு வருடம் ஆகும்போது ஒன்றரை வருடத்தில் நிதியை மூடினால் நம்பி இறங்கியவர்கள் கதி என்ன? விக்டோரியா மாநில அரசு மட்டும் விடாமல் உதவி செய்துகொண்டிருந்தது. மெல்போர்னில் நாலு பேர் சேர்ந்து செய்து 2019இல் வெளிவந்த அன்டைட்டில்ட் கூஸ் கேம் அப்படி உதவி பெற்றதுதான். ஒரு வாத்து ஊரையே படுத்தி எடுக்கும் கேம். உலகமே சிரித்து விளையாடியது. எங்களைப் போலவே நாலு பேர் என்பதால் அந்தப் பெயர்ப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எனவே திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். டெமோ செய்ய ஒரு சிறு தொகை. அதை ஆடிப் பார்த்து நன்றாக இருந்தால், கேமை முடிக்க அடுத்த தொகை. அறிக்கை, முத்திரை, கையெழுத்து பார்த்துப் பணம் தராமல், கேமை ஆடிப் பார்த்துத் தர வேண்டும். ஆடிப் பார்க்கிறவர்கள் சொந்தமாக ஒரு கேமையாவது வெளியிட்டவர்களாக இருக்க வேண்டும். உரிமை முழுவதும் செய்தவர்களிடமே இருக்க வேண்டும். திட்டம் குறைந்தது ஐந்து வருடமாவது மாறாமல் நிற்க வேண்டும். பூங்காவுக்கும் அரங்கத்துக்கும் கட்டடம் பிறகு கட்டிக்கொள்ளலாம். உள்ளே உட்கார ஆள் இருந்தால்தானே கட்டடம்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் கேமில் முதல்முதலாகத் தமிழ் எழுத்தைப் போட்டபோது 'கெ' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கொ' எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி வந்தன. கணினி உயிர்மெய்யைச் சேமிக்கும்போது மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. திரையில் காட்டும்போது அதை இடம் மாற்றி அடுக்க ஒரு கருவி வேண்டும். கேம் செய்ய நாங்கள் பயன்படுத்திய மென்பொருளான கேம் எஞ்சினின் எழுத்துப் பெட்டியில் அது இல்லை. எங்கள் புரோகிராமர் ஐந்து வாரம் உட்கார்ந்து ஒட்டுப்போட்டார். இதே ஒட்டை எத்தனை குழுக்கள் எத்தனை முறை போட்டிருப்பார்களோ! இப்படியான கருவிகளையும் எழுத்துருக்களையும் அரசு ஒரு முறை நன்றாகச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடலாம். ஒரு கண்காட்சிக்கு மேடை போடும் செலவைவிட அது பெரிதாக இருக்காது.

பணம் கட்டி ஆடும் சூதாட்ட ஆப்களையும் எங்கள் தொழிலையும் ஒரே பெயரில் எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். என் அப்பாவே இரண்டு வருடம் நான் சூதாட்டக் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று நினைத்துச் சொந்தக்காரர்களிடம் என் வேலையைச் சொல்லாமல் இருந்தார். கலங்கரை விளக்க டெமோவை அவர் கையில் கொடுத்தேன். மூடுபனியில் இரண்டு படகைத் தவறவிட்டார், மூன்றாவதைக் கரை சேர்த்துவிட்டு நிமிர்ந்து, 'இதில் எது நீ செய்தது?' என்று கேட்டார். போலந்தில் போர்க்காலத்து மக்களின் தவிப்பைச் சொல்லும் திஸ் வார் ஆஃப் மைன் என்ற கேமை 2020இல் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த மரியாதை இந்தத் தொழிலுக்கு எங்கும் கிடைக்கக்கூடியதுதான்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். புதுப்படங்களுக்கு வாராவாரம் விமர்சனம் எழுதுகிறீர்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது, நம் ஆள்கள் செய்த ஒரு கேமை உங்கள் நிருபர் ஒருவர் முழுதாக ஆடிப் பார்த்து, நல்லதோ கெட்டதோ, கால் பத்தி எழுதட்டும். செய்தவர்களின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். முதல் கால் பத்திக்கு எதை எடுப்பது என்று யோசித்தால் சொல்லுங்கள், சிறிய குழுக்கள் வெளியிட்ட ஏழு கேம்களின் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு கேம் கலைஞர்